கொப்பியும் கைக்காசும்

“உள்ளூர் வியாபாரிகளை ஆதரிப்போம்” என்னும் வாசகம் 2020 ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்திலே எங்கும் ஒலித்தது. இன்றும் தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு முதலிய நாள்கள் அணுகும்போது அஃது அங்கங்கே தலைகாட்டுவதுண்டு. நல்ல வாசகந்தான். அதன் கருத்தோடு எனக்கு யாதொரு வழக்கும் இல்லை. அதிலுள்ள ஒரு சொல்லோடுதான் வழக்கு.

ஆதரித்தல் என்பது மேலே நிற்பவன் கீழே நிற்பவனைத் தாங்குதல். அரசர் புலவரை ஆதரித்தனர். செல்வர் ஏழைகளை ஆதரிக்கின்றனர். கடைக்காரரை நாம் ஆதரிப்போம் என்னும்போது, நாம் மேலும் அவர் கீழுமாக நிற்பது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிவிடுகின்றது. அத்தோற்றம் மெய்யானதா? அந்தப் பங்குனி, சித்திரை மாதங்களிலே ஆதரித்தவர் யார், ஆதரிக்கப்பட்டவர் யார்? இவ்வினாவுக்கு விடை காணாமல் அவ்வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருத்தல், நமக்குச் சோறிட்டவரைப் பார்த்து, “அஞ்சற்க, உமக்கு நாம் சோறிடுவோம்” என்று ஆறுதல் கூறுதல் போலாகும்.

நடந்தவற்றைச் சிறிது நினைவூட்டுதல் நலம். சில ஆண்டுகள் கழிந்தால் எதனையும் மறந்துவிடும் இயல்பு நமக்குண்டு. உள்நாட்டில் இலங்கையர் ஒருவருக்கு முதன்முதல் நோய் காணப்பட்டது 2020 மார்ச் 11 ஆம் திகதி. மறுநாளே பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. மார்ச் 20 ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. பின்னர் அபாயம் மிக்கவை என 6 மாவட்டங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி என்பவற்றோடு யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஏனைய மாவட்டங்களிலே ஊரடங்கு இடையிடையே தளர்ந்தது. நாமோ ஏப்பிரல் மூன்றாம் வாரம் வரை படலைக்கு உள்ளேயே இருந்தோம். சார்வரி வருடம் பிறந்தபோது வாசலில் வந்து வாழ்த்துரைக்க ஓர் உறவினரும் இல்லை.

திருநெல்வேலிச் சந்தையும் சுன்னாகம் சந்தையும் மருதனார்மடம் சந்தையும் வழமைபோலக் கூடவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே பீற்றூட்டும் கோவாவும் கரட்டும் முற்றி நின்றன. தென்பகுதிக்கு அவற்றை ஏற்றிச் செல்லும் லொறிகள் வரவில்லை. ஒரு பக்கத்திலே விற்க வழியின்றிக் காய்கறி அழுகியது. மற்றொரு பக்கத்திலே வாங்க வழியின்றி மக்கள் பருப்போடு அமைந்தனர். தையற்காரர் புத்தாண்டுத் தையலை இழந்தார். சிகை திருத்துவோர் கடை திறக்கவே கூடாது என்றாயிற்று. நண்டும் இறாலும் ஏற்றுமதிக்கு எடுப்பாரின்றிக் கடற்கரையிலே விலை குன்றின.

அந்நாளில் ஊரை உண்பித்தவை ஒழுங்கை முகப்பிலே நிற்கும் சிறு பலசரக்குக் கடைகள். ஓர் அறை, ஒரு தராசு, முன்னே தொங்கும் இரண்டு வாழைக்குலை, உள்ளே நான்கு சாக்கு: இவ்வளவே அவற்றின் உடைமை. அக்கடைக்காரரை நாம் ‘முதலாளி’ என்று அழைக்கின்றோம். முதலை ஆள்பவர் என்பது பொருள். ஆளுதற்கு முதல் எதுவும் இல்லாதபோதும் அப்பெயர் அவரை விட்டு நீங்குவதில்லை. பிரதேச செயலகத்திலே அனுமதிப் பத்திரம் பெற்று, மொத்த வியாபாரியிடம் காத்து நின்று, கிடைத்ததை ஏற்றிவந்து, வீடு வீடாகப் பங்கிட்டுக் கொடுத்தவர் அந்த முதலாளியே.

இதிலே அரசினர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். மார்ச் 17 ஆம் திகதி பருப்புக்குக் கிலோ 65 ரூபாய் எனவும், பெரிய ரின் மீன் ஒன்றுக்கு 100 ரூபாய் எனவும் உச்ச விலை விதிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அதனினும் கூடிய விலைக்கு முன்னரே வாங்கி வைத்திருந்த சிறு கடைக்காரருக்கு விற்றால் நட்டம், ஒளித்தால் குற்றம் என்னும் நிலை வந்தது. சில வாரங்களின் பின் அவ்விதி நீக்கப்பட்டது. இடையிலே நேர்ந்த நட்டத்தை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரிய நிறுவனத்துக்கு அஃது ஒரு கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி. சிறு கடைக்கு ஒரு மாதத்து உலை.

இனி, கொப்பிக்கு வருவோம்.

எங்கள் ஒழுங்கைக் கடையின் கடன் கொப்பியை நான் பார்த்திருக்கின்றேன். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் சீ. ஆர். கொப்பிதான் அது. தடித்த மட்டையிலே பிள்ளையார் சுழி. உள்ளே வீட்டுக்கு ஒரு பக்கம். “மேசன் வீடு”, “கிணற்றடி ஆச்சி”, “ஓட்டோத் தம்பி”, “மில்லுக்காரர் மருமகன்” எனத் தலைப்புகள். இயற்பெயர் அரிது. ஆகுபெயரும் காரணப்பெயருமாக அக்கொப்பி நிறைந்திருந்தது. பெயரியல் கற்பிப்பதற்கு அதனைக் காட்டிலும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

ஊரடங்கு வருமுன் ஒரு வீட்டின் பக்கம் வாரத்துக்கு ஒருமுறை வெட்டப்படும். சனிக்கிழமை கூலி கிடைக்கும். அன்று மாலையே கணக்குத் தீரும். தீராவிடினும் பாதி தீரும். மார்ச் 20 ஆம் திகதியோடு சனிக்கிழமைகள் நின்றுவிட்டன. மேசனுக்கு வேலையில்லை, ஓட்டோவுக்கு ஓட்டமில்லை. ஆனால் பசி ஊரடங்குச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதில்லை. ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் போயிற்று. மறுபக்கம் நிரம்பி வேறொரு கொப்பிக்குத் தாவியது. மொத்த வியாபாரியோ, முன்னர் ஒரு கிழமைத் தவணை கொடுத்தவர், இப்போது காசை வைத்தால்தான் மூடையைத் தூக்க விடுவேன் என்றார். அவரையும் குறை சொல்லுதற்கில்லை. அவருக்கு மேலே உள்ளவர் அவரிடம் அவ்வாறு கேட்டிருப்பார்.

ஆகவே கடைக்காரரின் நிலை இது: வாங்குவது கைக்காசுக்கு, விற்பது கொப்பிக்கு. இவ்வாறு எத்தனை நாள் ஒரு கடை நிற்கும்? நான் அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன விடையை அவருடைய மொழியிலேயே தருகின்றேன்: “பண்டிதர் ஐயா, நீங்கள் காசு தந்து வாங்கிற சாமான்ரை காசிலைதான் அவைக்குக் கடன் குடுக்கிறன். உங்களைப் போல ஆக்கள் வராட்டி நான் கொப்பியை மூடவேண்டியதுதான்.”

பொருளியல் நூல்கள் பல பக்கங்களிலே விரித்துச் சொல்வதை அவர் ஒரு மூச்சிலே சொல்லி முடித்தார். இதனைச் சற்றே விரித்துக் காண்போம். ஓர் ஒழுங்கைக் கடையை நம்பி 100 வீடுகள் உள்ளன என்று கொள்க. அவற்றுள் 40 வீடுகள் மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ வெளிநாட்டுப் பணமோ பெறுவன. மற்றை 60 வீடுகள் அன்றாடம் உழைத்து உண்பன. இந்த 60 வீட்டுக்கும் கடன் கொடுக்கும் வல்லமை கடைக்காரருக்கு எங்கிருந்து வருகின்றது? அந்த 40 வீட்டின் கைக்காசிலிருந்து வருகின்றது. கைக்காசு ஒரு வாசலால் உள்ளே வந்து, அரிசியாகி, கொப்பியின் வழியாக மறுவாசலால் ஏழையின் அடுப்புக்குப் போகின்றது. வங்கி இதனைச் செய்யாது, ஈடு கேட்கும். நுண்கடன் கொடுப்போர் செய்வர், வட்டி எண்ணுவர். ஈடும் வட்டியும் இன்றி, முகத்தை மாத்திரம் பார்த்துக் கடன் கொடுக்கும் நிலையம் ஊரிலே ஒன்றுதான் உண்டு. அதன் முன்னே வாழைக்குலை தொங்கும்.

இதனை விளங்கிக்கொண்டால், அடுத்து எழும் கேள்வி நம்மைப் பற்றியது. நம்மை என்றது ஆசிரியரை, எழுதுவினைஞரை, அலுவலகத்தாரை, ஓய்வூதியம் பெறுவோரை. பாடசாலைகள் 2020 மார்ச் நடுப்பகுதியிலே மூடப்பட்டு, யூலை மாதத்திலேதான் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பூட்டிக்கிடந்த மாதங்களுக்கும் அரசாங்க ஆசிரியர்களுக்குச் சம்பளம் வந்தது. ஒரு சதம் குறையவில்லை. பெருந்தொற்றினால் வருவாய் சிறிதும் குன்றாதிருந்த சிறு கூட்டத்திலே நாமும் இருந்தோம். நம்முடைய கைக்காசு ஊருக்கு அக்காலத்திலேதான் மிக வேண்டியிருந்தது.

ஊரடங்கு தளர்ந்த அந்த முதல் வாரத்திலே நம்மவர் எங்கே போயினர்? பட்டினத்துப் பேரங்காடிகளின் வாயிலிலே, ஒரு மீற்றர் இடைவெளி விட்டு, வரிசையிலே நின்றனர். சுன்னாகத்திலிருந்தும் மானிப்பாயிலிருந்தும் ஓட்டோப் பிடித்து வந்தவர்களும் உளர். பேரங்காடிக்குப் போதல் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. சில பொருள்கள் அங்கேதான் கிடைக்கும். சிலவற்றின் விலையும் அங்கே குறைவு. பத்து ரூபாய் மிச்சம் பிடித்தாலே பிள்ளைக்குப் பால்மா வாங்கலாம் என்று கணக்கிடும் ஏழைத்தாய் எங்கே மலிவோ அங்கே போகட்டும். அவளுக்கு உபதேசம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது, ஊரடங்குக் காலத்திலே ஒழுங்கைக் கடையிலே வாங்கி உண்டு, வழி திறந்தவுடன் கைக்காசைப் பட்டினத்துக்குக் கொண்டுபோன சம்பளக்காரரோடு. அவர் பேரங்காடியிலே மிச்சம் பிடித்த பத்து ரூபாய், கிணற்றடி ஆச்சியின் பக்கத்திலிருந்து கழிக்கப்பட்ட பத்து ரூபாய். தமக்கு அது தெரியாது என்பார். தெரியாதுதான். பேரங்காடியின் பற்றுச்சீட்டிலே அது அச்சிடப்படுவதில்லை.

உலருணவுப் பொதிகளின் கதையும் இதனோடு ஒத்ததே. அரசினர் ஏப்பிரல், மே மாதங்களிலே வறிய குடும்பங்களுக்கு 5000 ரூபாய் வீதம் கொடுத்தனர். அதன்மேல் ஊர்ச் சங்கங்களும் கழகங்களும், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய பணத்தைக் கொண்டு பொதிகள் வழங்கின. அந்தப் பணியை இகழ்வார் நன்றி கொன்றவராவர். பொதியை ஏற்கும் முதியவளின் கையையும் கொடுப்பவரின் பல்லையும் ஒருங்கே காட்டும் படங்களைப் பற்றி மாத்திரம் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதனை வேறொரு நாள் எழுதலாம். என் கவலை வேறு. அரிசியும் மாவும் சீனியும் பருப்பும் மொத்தமாக வெளியிலே வாங்கப்பட்டு, லொறியிலே ஏறி, ஊர்க் கடையின் முன்னாலேயே ஊருக்குள் சென்றன. பொதி பெற்றவர் பத்து நாள் உண்டனர். அந்தப் பத்து நாளும் கடையிலே விற்பனை இல்லை. பதினோராம் நாள் பொதி தீர்ந்தது. மீண்டும் கொப்பியோடு வந்தனர். கடைக்காரரின் கையிலோ இப்போது முன்னிலும் குறைந்த முதல்.

அதே பணத்தை ஊர்க் கடையிலே கொடுத்து, “இன்ன 20 வீட்டுக்கு இவ்வளவு பெறுமதியான சாமான் கொடும்” என்று சொல்லியிருந்தால், ஏழை உண்டிருப்பான், கடையும் பிழைத்திருக்கும். தோட்டத்திலே அழுகிக்கொண்டிருந்த பீற்றூட்டையும் கோவாவையும் விலை கொடுத்து வாங்கிப் பொதியிலே சேர்த்திருந்தால் கமக்காரரும் பிழைத்திருப்பார். காசு ஊரைவிட்டுப் போகுமுன் மூன்று வீட்டுப் படலையைத் திறந்து மூடியிருக்கும். சில ஊர்களிலே இளைஞர் இவ்வாறே செய்தனர். படித்தவர் சொல்லிக்கொடுத்துச் செய்ததன்று. தோட்டம் அவர்களுடைய தகப்பன்மாருடையது. ஆதலாற் புத்தி தானாக வந்தது.

திருக்குறளிலே ‘ஒப்புரவறிதல்’ 22 ஆம் அதிகாரம். ‘ஈகை’ 23 ஆம் அதிகாரம். இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும் திருவள்ளுவர் அவற்றை ஒன்றாக்கவில்லை. ஒன்று இம்மை நோக்கியது, மற்றையது மறுமை நோக்கியது என்று பரிமேலழகர் வேற்றுமை காட்டுவர். மாணவர் இந்த வேற்றுமையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்வர். பரீட்சை முடிந்ததும் மறப்பர். ஊரடங்கு அதனை எனக்குக் கண்முன்னே காட்டிற்று. இல்லாதவனுக்குப் பொதி கொடுத்தல் ஈகை. கைக்காசு உள்ளவன் அதனை ஊர்க் கடையிலே செலவிடுதல் ஈகையாகாது. அவன் கொடுத்த காசுக்கு அரிசி பெற்றுக்கொள்கின்றான். ஆயினும் அந்தச் செலவினால் இன்னொரு வீட்டு அடுப்பு எரிகின்றது. இதுவே ஒப்புரவு. பெறுபவனுக்குத் தான் பெறுகின்றான் என்ற கூச்சம் இல்லை; கொடுப்பவனுக்குத் தான் கொடுக்கின்றான் என்ற செருக்கும் இல்லை. படம் எடுப்பதற்கும் அதிலே ஒன்றும் இல்லை.

“கடைக்காரர் எல்லாரும் உம்முடைய ஒழுங்கைக் கடைக்காரர் போன்றவரா? விலையை இரட்டித்தவர் இல்லையா? மூடையை ஒளித்தவர் இல்லையா?” என்று சிலர் கேட்பர். இருந்தனர். முகக்கவசத்தைப் பொன்போல நிறுத்து விற்றவர்களை நாம் கண்டோம். வாணிகர்க்குரிய குறளைத் திருவள்ளுவர் பொருட்பாலிலே வைக்கவில்லை. அறத்துப்பாலிலே, நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்தார். நடுவுநிலை தவறிய வணிகரை ஊர் நினைவிலே வைத்திருத்தல் வேண்டும். அத்தகையவர் ஒருவருடைய கடையின் வழியே நான் நாள்தோறும் போகின்றேன், உள்ளே போவதில்லை. ஆனால் ஒருவர் செய்த பிழைக்காக ஒன்பது பேரைக் கைவிடுதல் எந்த நடுவுநிலைமை?

கூட்டுறவு பற்றியும் ஒரு சொல். இலங்கையிலே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் பிறந்தது 1911 இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அரிசிப் பங்கீட்டுக்காகச் சங்கக்கடைகள் ஊர்தோறும் பெருகின. 1957 இலே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. ஒரு நெருக்கடி வந்தபோது ஊரே கடையாகும் என்பதை நம் முன்னோர் செய்து காட்டினர். மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்தினர். 2020 இலும் சங்கக்கடைகள் தம்மால் இயன்றதைச் செய்தன. நெருக்கடி நீங்கியபின் அவற்றின் படியேறும் சம்பளக்காரரை எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்கள் போதும்.

ஊரடங்கு ஒன்றோடு முடிந்திருந்தால் கடைகள் ஒருவாறு நிமிர்ந்திருக்கும். 2021 மே 21 முதல் யூன் 21 வரை பயணத்தடை வந்தது. அவ்வாண்டே ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு. இவற்றுக்கிடையே இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டுத் தோட்டங்களும் இளைத்தன. அதன்பின் 2022 இலே ரூபாயே வீழ்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே பணவீக்கம் நூற்றுக்கு 70 என்னும் அளவை எட்டியது.

இந்த வீழ்ச்சி கொப்பிக்கு என் செய்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. 2020 ஏப்பிரலில் நாட்டரிசி கிலோ ஏறத்தாழ 100 ரூபாய். அப்போது ஒரு வீட்டுப் பக்கத்திலே 10,000 ரூபாய் நின்றது என்று கொள்க. அஃது 100 கிலோ அரிசி. 2022 நடுப்பகுதியிலே அரிசி 200 ரூபாயைக் கடந்தது. அப்போது அந்த வீட்டார் நேர்மையோடு வந்து, 10,000 ரூபாயை எண்ணிக்கொடுத்துக் கடன் தீர்த்தனர். கடைக்காரர் பக்கத்தை வெட்டினார், நன்றியும் சொன்னார். அந்தப் பணத்துக்கு அவர் மீள வாங்கக்கூடியது 50 கிலோவும் இல்லை. கடன் வாங்கியவர் மோசஞ் செய்யவில்லை. கொடுத்தவரும் பிழை செய்யவில்லை. இருந்தும் பாதி மூடை அரிசி காற்றோடு போயிற்று. கடையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டுக்குப் போக வழி தேடிய சிறு வியாபாரிகள் பலரை அந்த ஆண்டிலே நான் கண்டேன். “அவருக்கு என்ன, முதலாளி அல்லவா!” என்றனர் ஊரார்.

நம் பெரியோர் நெல்லாக வாங்கிய கடனை நெல்லாகவே இறுத்தனர். பணத்தின் பெறுமதி நிலையாதபோது அளவையிலே கடனை எண்ணுவது நல்ல முறை. பழைய பக்கத்தை இன்னும் தீர்க்காதிருக்கும் வசதியுள்ளோர் அம்முறையைக் கைக்கொள்ளலாம்: அன்று எத்தனை கிலோ அரிசி, எத்தனை போத்தல் எண்ணெய், எத்தனை பக்கற் மா என்று கொப்பியிலேயே எழுதியிருக்கின்றது. இன்றைய விலையிலே கூட்டிக் கொடுக்கட்டும். கடைக்காரர் கேட்கமாட்டார். கேட்கமாட்டார் என்பதனாலேயே நாம் கொடுக்கவேண்டும்.

தீர்க்க வழியில்லாத வீடுகளும் உண்டு. கிணற்றடி ஆச்சி காலமாகிவிட்டார். அவருடைய பக்கத்தை யாரிடம் கேட்பது? இத்தகைய பக்கங்களைச் சனசமூக நிலையமோ கோயில் பரிபாலன சபையோ பொறுப்பேற்கலாம். வெளிநாட்டிலிருந்து ஊர்க் கோபுரத்துக்கு வர்ணம் பூசப் பணம் அனுப்பும் அன்பர்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கொப்பியின் ஐந்தாறு பக்கங்களை வெட்டுவிக்கலாம். பெயர்ப்பலகை வைக்க இடம் இராது என்பதே அதிலுள்ள குறை. மாதச் சம்பளக்காரர், மாதத்தின் முதல் வாரச் சாமானை மாத்திரமேனும் ஒழுங்கைக் கடையிலே கைக்காசுக்கு வாங்குவதென்று வைத்துக்கொண்டால், கடைக்காரர் அந்த மாதத்துக் கொப்பியைத் துணிந்து திறப்பார். விலைபேசிக் குறைப்பதையும் அன்றைக்கு ஒருநாள் விட்டுவிடலாம்.

எங்கள் ஒழுங்கைக் கடையிலே 2020 ஆம் ஆண்டுக் கொப்பி இன்னும் இருக்கின்றது. அண்மையிலே அதனை எடுத்துக் காட்டினார். வெட்டப்படாத பக்கங்கள் 11. அவற்றுள் 4 பக்கம் மாதச் சம்பளம் வரும் வீடுகளுக்கு உரியவை. கடை காலை 6 மணிக்குத் திறக்கப்படுகின்றது.